கேட்கலாம், உதவக் கூடாது

பேருந்து டிப்போவில் அந்த ஓட்டுநருக்குப் 'பாத்துக்கலாம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று தனியாக இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை. பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று நடத்துநர் சொன்னாலும் பாத்துக்கலாம், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது என்றாலும் பாத்துக்கலாம். அவர் ஓய்வு பெற்ற அன்று மேலாளர் ஒப்புக்கு எழுந்து, "இவர் இல்லாம இந்த டிப்போ என்ன ஆகப்போகுதோ" என்று இழுக்க, பின்வரிசை மொத்தமும் ஒரே குரலில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். கோபமே வராத மனுஷர். கோபம் வராதவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

அந்த மனைவிக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருந்தது. சிறுதொழில் நடத்துகிறவர்களின் அனுபவங்களையும் சவால்களையும் பற்றி ஒரு பேராசிரியை ஆய்வு செய்துகொண்டிருந்தார். கடை கடையாகப் போய்க் கேள்வி கேட்க ஆட்களை எடுத்தார். நகரத்தின் ஒரு பாதியில் இருக்கும் தொழில்காரர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். மறுபாதிக்கு ஒன்றும் கிடையாது. வகுப்புக்கு முன்னால் ஒரு முறையும் சில மாதம் கழித்து ஒரு முறையும் இரண்டு பக்கத்திலும் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் பயிற்சியால் பலன் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். மனைவியின் பங்குக்கு வந்தது ஒன்றும் கிடைக்காத பாதி.

முதல் நாள் அவள் கேள்விகளை வாய்விட்டுப் படித்துப் பழகினாள். எதிரில் அவரை உட்கார்த்தி வைத்துக்கொண்டாள்.

"தாங்கள் தொழிலில் சந்திக்கும் மிகப் பெரிய சவால் எது?"

"தாங்கள்னா யாரும்மா?"

"நீங்கதான். சொல்லுங்க."

"நீ போட்ட டீ ஆறிப்போச்சு. அதான் எனக்குப் பெரிய சவால்."

அவள் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டாள். "என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதணும். யோசனை சொல்லக் கூடாது. பதில் வரலன்னா, வர்ற வரைக்கும் சும்மா காத்திருக்கணும். கேட்கலாம், உதவக் கூடாது. இதான் முதல் விதின்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"உதவக் கூடாதா? இது என்ன அநியாயம்?"

"பின்ன? குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேக்கப் போன இடத்துல நாமளும் ஒரு கை அள்ளிப் போட்டுட்டு வந்தா, ருசி யார் கைப்பக்குவம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தார். பதில் அவர் மண்டையில் ஏறவில்லை. அவள் மூச்சுவிடாமல் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனை காலம் ஆயிற்று!

அந்த வீட்டின் முன்னறை ஒரு காலத்தில் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக் கொடுத்தாள். அவள் தைத்த சட்டைக் காலர் வருஷம் முழுக்க நிமிர்ந்து நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் பார்த்துப் பெரிய மெஷின் படுத்துக்கொண்டது. "ஏங்க, இதைப் பாக்க ஒரு ஆளைச் சொல்லுங்களேன்" என்று அவள் சொன்னபோதெல்லாம் அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தன் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். தைக்க வந்த துணிகள் வேறு கடைக்குப் போயின. அடுத்த வருஷம் யாரும் வரவில்லை. ஒரு நாள் அவள் மெஷின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டு, சமையலறை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு வீட்டில் அவள் குரல் என்றால் 'சாப்பிட வாங்க' ஒன்றுதான். வீடு அமைதியாக இருக்கிறது என்று இந்த மனுஷரும் நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்று, பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டி வந்தபோதுதான் அந்த அமைதியை நேருக்கு நேர் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமே இல்லை, பக்கத்து வீட்டுச் சுவர்தான். அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறைப் போர்வையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று ஓரிரு முறை கிட்டப் போனார். துணியைத் தொடத் தைரியம் வரவில்லை, திரும்பிவிட்டார். இந்த வேலை வந்த பிறகுதான் அவள் வாய் மறுபடி திறந்தது. இதுவும் போனால் அவள் ஜன்னலுக்கே போய்விடுவாள் என்ற பயம் அவருக்கு நிரந்தரமாக இருந்தது.

அதனால் தினமும் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு போனார். பேட்டி நடக்கும் இடத்தில் வேற்றாள் இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதி. அவர் வாசலிலேயே வண்டியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். கடைசி இருக்கையில் யாராவது லேசாகச் செருமினாலும் கண்ணாடியில் பார்க்கிற ஆள். அந்தக் காதுக்கு ஒரு சுவரெல்லாம் எம்மாத்திரம்?

முதலில் ரொட்டிக்காரர். உலைச் சூட்டில் முகம் சிவந்த மனிதர். கேக் போடும் பெட்டி தூரத்திலிருந்து வருகிறது, வரும்போதே நசுங்கி வருகிறது என்று புலம்பினார். மறுநாள் இரண்டு தெரு தள்ளி ஒரு பெட்டிக்காரம்மா. அட்டையை வெட்டி, மடிப்புக் கோடு போட்டு, பசை தடவிப் பெட்டி செய்கிறவள். வாங்க ஆள் போதவில்லை, வெட்டி மிஞ்சிய துண்டுகளோ வீடு முழுக்க அடைத்துக்கொண்டு கிடக்கின்றன, கால் வைக்க இடமில்லை என்றாள். அடுத்தவர் கண்ணாடிக்காரர். வெட்டிய கண்ணாடியை அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் பாதி உடைந்துவிடுகிறது, நடுவில் வைத்துக் கட்ட மெத்தென்று ஏதாவது மலிவாகக் கிடைத்தால் தேவலை என்றார்.

மனைவி ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, எழுந்து வந்தாள். ஸ்கூட்டரில் ஏறியதும் பெருமூச்சு விடுவாள்.

"ஒருத்தருக்கு வேண்டியது இன்னொருத்தர்கிட்ட கொட்டிக் கிடக்குதுங்க. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆனா விதி விதிதான். நாக்கைக் கடிச்சுக்கிட்டு வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். விதி அவளுக்குத்தானே, தனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினவர் நேரே ரொட்டிக்காரரிடம் போய் நின்றார். "ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா பெட்டி செய்யறாங்க. போய்ப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் கேள்வி கேக்கற அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க." பெட்டிக்காரம்மாவின் அட்டைத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி, ஸ்கூட்டரில் முன்னும் பின்னும் வைத்துக் கண்ணாடிக்காரரிடம் கொண்டுபோய் இறக்கினார். அவரிடமும் அதே சத்தியம் வாங்கினார். பால் வாங்கத்தான் மறந்துபோயிற்று.

அப்புறம் அவருக்குக் கை அரிப்பு நிற்கவில்லை. பேருந்து ஓட்டிய காலத்தில் தெரியாத தெரு கிடையாது, முகம் தெரியாத ஆள் கிடையாது. யாருக்கு எது வேண்டும், எது யாரிடம் இருக்கிறது என்பது அத்தனையும் தலைக்குள் இருந்தது. இத்தனை நாள் அதைக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

பட்டியலின் கடைசியில் ஒரு தையல்காரப் பெண் வந்தாள். சின்னக் கடை. ஜன்னல் திறந்திருந்தது.

"பெரிய சவால்னா இந்த மெஷின்தாங்க. தையல் விட்டு விட்டு விழுது. பாக்க ஆள் கிடைக்கல. எங்க வீட்டுல சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கறாரு."

உள்ளே மனைவி, கேட்ட கேள்வியையே மறுபடி ஒரு முறை படித்தாள். வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்றைக்கு மத்தியானமே பழைய டிப்போ மெக்கானிக்கைத் தேடிப் போனார். ஒரே இடத்தில் வருஷக்கணக்காகச் சேர்ந்து சாப்பிட்டவர். பேருந்து எஞ்சினிலிருந்து சுவர்க் கடிகாரம் வரை எதையும் பிரித்து மாட்டுவார். தையல்காரப் பெண்ணின் கடைக்கு வந்தார், மெஷினைத் திருப்பிப் போட்டார், ஊசியும் கீழே சுழலும் கொக்கியும் சந்திக்கும் இடம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்றார், திருகாணியைத் தளர்த்தி மறுபடி முடுக்கினார். டீ ஆறுவதற்குள் மெஷின் ஓடியது.

"ரொம்பச் சின்ன விஷயம்டா. இதுக்கா இவ்வளவு நாள் கஷ்டப்பட்டாங்க?" என்றார் மெக்கானிக்.

தையல்காரப் பெண் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். கூட்டி வந்தவருக்கோ அங்கே நிற்கவே முடியவில்லை. சத்தியம் வாங்கவும் மறந்து ஓடப் பார்த்தார். வாசல் வரை போய், நினைவு வந்து, திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

சில மாதம் கழிந்து இரண்டாவது சுற்று வந்தது. அதே கேள்விகள், அதே ஆட்கள். மிகப் பெரிய சவால் எது என்று கேட்டால் ஆளாளுக்கு வாயெல்லாம் பல். "இப்ப ஒண்ணும் இல்லீங்கம்மா. எல்லாம் சரியாப் போச்சு." எப்படிச் சரியாயிற்று என்று கேட்டால் உத்தரத்தைப் பார்த்தார்கள். மனைவி சொன்னதைச் சொன்னபடி எழுதினாள்.

"என் ஏரியாவுல எல்லாரும் நல்லா இருக்காங்கங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கு. ஆனா ஒண்ணும் புரியல" என்றாள். ஸ்கூட்டர் கண்ணாடியில் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

அந்தப் பளிச்செல்லாம் பேராசிரியை கூப்பிட்டனுப்பும் வரைதான்.

ஆய்வு அலுவலகம் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. மனைவி உள்ளே போனாள். அவர் வழக்கம்போல் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்க மேல எனக்கு மரியாதை உண்டும்மா" என்று பேராசிரியை தொடங்கியதுமே அவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். இப்படித் தொடங்குகிற பேச்சு நல்லபடியாக முடிந்ததில்லை. "பயிற்சி கொடுத்த ஏரியா எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு. ஒண்ணுமே கொடுக்காத உங்க ஏரியா பூத்துக் குலுங்குது. இதை நான் எங்க கொண்டுபோய்ச் சொல்றது? சரிபார்க்க ஆள் அனுப்பினேன். எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி சிரிக்கறாங்க. வீட்டுல உக்காந்து நீங்களே எழுதினீங்களா? இல்ல, இப்படிச் சொல்லுங்கன்னு சொல்லிக் கொடுத்தீங்களா?"

"இல்ல மேடம். சத்தியமா இல்ல. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"அப்ப நீங்க உதவி பண்ணினீங்களா?"

"நாக்கைக் கடிச்சுக்கிட்டு வந்தேன் மேடம். ஒரு வார்த்தை சொல்லல."

"எனக்கு வேற வழி தெரியலம்மா. உங்களை வச்சுக்கிட்டு மேற்கொண்டு…"

அதற்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதவைத் தட்டாமலே உள்ளே போனார். வாழ்நாளில் ஒரு சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாதவர்.

"நான்தாம்மா" என்றார். "நான் இவ வீட்டுக்காரன். வெளிய உக்காந்திருந்தேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. சும்மா இருக்க முடியல." பெட்டி, ரொட்டி, அட்டை மூட்டை என்று ஒப்பித்தார். "இவளுக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். இவ வேலையை மட்டும் எடுத்துடாதீங்க. இவ மறுபடி ஜன்னல்கிட்ட போய் உக்காந்துடுவா."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம். "இவ்வளவு செலவு பண்ணி வகுப்பு நடத்தினேன். நீங்க ஸ்கூட்டர்ல உக்காந்துக்கிட்டே…" என்றவர் பாதியில் நிறுத்தி, பதில் தாள்களைப் புரட்டி, "அந்தத் தையல் மெஷின்?" என்று கேட்டார்.

"டிப்போவுல என் கூட இருந்த மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனேன். டீ ஆறுறதுக்குள்ள சரி பண்ணிட்டான். சின்ன விஷயம்தான்…"

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

"எந்த மெக்கானிக்?"

அவர் கை சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று.

"நம்ம கடை நடந்தப்பவும் அவரு உங்க கூடத்தான டிப்போவுல இருந்தாரு?"

"இருந்தான்."

"தினமும் சேர்ந்து சாப்பிட்ட ஆளு."

"ஆமா."

"அப்ப எனக்கு ஏன் கூட்டிட்டு வரல?"

எல்லாவற்றுக்கும் கைவசம் வைத்திருந்த அந்த ஒரே பதிலை இங்கே சொல்ல முடியாது.

பேராசிரியை என்ன கடை என்று விசாரித்தார். மனைவி நாலே வார்த்தையில் சொன்னாள். பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். "நடக்கிற கடையை மட்டும்தான் நாம தேடித் தேடிக் கேட்டிருக்கோம். மூடின கடைக்காரங்களை யாருமே கேக்கல இல்ல?" என்று தனக்குள் பேசிக்கொள்வதுபோல் சொன்னார். உங்கள் ஏரியாவின் இரண்டாவது சுற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். வேலை போகவில்லை. ஒரே நிபந்தனை, இனிமேல் இந்த ஸ்கூட்டர் எந்தப் பேட்டிக்கும் கிட்டத்தில் நிற்கக் கூடாது.

அதற்கு அவசியமே இருக்கவில்லை. அன்று மாடியிலிருந்து இறங்கி வந்தவள் ஸ்கூட்டரில் ஏறவில்லை. நேரே பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பேருந்துதான். ஆயுசு முழுக்க ஊரையே ஏற்றிக்கொண்டு போனவர், தன் பெண்டாட்டி யாரோ ஒருவன் ஓட்டும் வண்டியில் தொங்கிக்கொண்டு போவதைத் தெருமுனையில் நின்று பார்த்தார். அவன் கியர் மாற்றும் லட்சணம் வேறு அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் மறுபடி 'சாப்பிட வாங்க' மட்டும்தான். ஆனால் அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. அந்த ஒன்றைப் பார்த்து அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை அவள் புதிய தாள்களோடு வந்தாள். தொழிலை மூடியவர்களைப் பற்றிய கேள்விகள். பேராசிரியை புதிதாக எழுதியவை. வீட்டில் யாரிடமாவது கேட்டுப் பழகிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. கேட்டுப் பழகணும்."

இவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் பேசியதே பெரிது. உடனே உட்கார்ந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார்.

"எனக்கு ஏதும்மா தொழில்? மூடினது நீதானே. அதைக் கொடு. நான் கேக்கறேன், நீ சொல்லு."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாள்களைக் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். "தாங்கள் நடத்திய தொழில் எது?"

"தையல்."

எழுதினார். டிப்போ பதிவேட்டில் கிறுக்கிப் பழகிய கை. எழுத்து ஒவ்வொன்றும் பேருந்து பெரிசுக்கு வந்தது. "தொழிலை நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் எது?"

"மெஷின் கெட்டுப்போச்சு."

"அந்தச் சமயத்தில் தங்களுக்கு உதவியவர் யார்? கணவர், உறவினர், நண்பர், மற்றவர், யாரும் இல்லை." எல்லாவற்றையும் விதிப்படி படித்தார். படித்த பிறகுதான் என்ன படித்தோம் என்பது அவருக்கு விளங்கியது.

"யாரும் இல்ல."

"அது வந்தும்மா, நான் அப்போ…"

"சொன்னதைச் சொன்னபடி எழுதணும்."

எழுதினார். யாரும் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தார். கண்ணில் நீர் கோத்துத் தாள் மங்கியது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அடுத்த கேள்வி" என்றாள். குரல் இப்போது இளகியிருந்தது.

"மீண்டும் தொழில் தொடங்கும் எண்ணம் தங்களுக்கு உண்டா?"

அவள் பதில் சொல்லவில்லை. பழைய சொல் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார். பதில் வராவிட்டால் வரும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்.

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். மெஷின் மேலிருந்த போர்வையை இழுத்தாள். தூசி கிளம்பி இருவரும் தும்மினார்கள். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"அந்த மெக்கானிக் நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

அவர் துள்ளி எழுந்தார். "நம்பர் எதுக்கு? இதோ, இப்பவே போய் ஆளையே கூட்டிட்டு வந்துடறேன்!" சாவியைத் தேடிக் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது.

"உக்காருங்க" என்றாள். "கேட்கலாம், உதவக் கூடாது. நம்பரை மட்டும் சொல்லுங்க. நானே பேசிக்கறேன்."

அவர் நம்பரைச் சொன்னார். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் பழக்க தோஷத்தில் வாசலுக்குப் போய், ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றுகொண்டார். உள்ளே அவள் மெஷினைப் பற்றி மூச்சுவிடாமல் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் விடாமல் அவர் காதில் விழுந்தது.

பேசி முடித்தவள் அறையைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏங்க, எங்க போயிட்டீங்க?" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "வெளிய நின்னதெல்லாம் போதும். உள்ள வாங்க."